புதன்கிழமைக் காளான்

சாம்கோய், துருக்கி, 9 மார்ச் 1975

குலிசார் அப்பாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் மேல் இறங்கட்டும். நாங்கள் எல்லோரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி மட்டும் குளிர் போன பிறகும் தங்கிவிட்டது. "எழுது, என் புள்ளையோட ரெண்டு கண்ணுக்கும் முத்தம் குடுத்தேன்னு எழுது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் மழை பெய்து நின்று இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. கீழ்க்காட்டில் பைன் மரங்களுக்கு அடியில் ஆட்டுக்குட்டி வயிற்றுக் காளான் தலை காட்டிவிட்டது. விடியற்காலைப் பஜ்ர் தொழுதுவிட்டுக் கூடையோடு கிளம்பினேன். ஊற்றடியில் ஹாஜெர் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி நஸ்மியே, விடிஞ்சும் விடியாம எங்க?"

"விறகுக்கு அக்கா."

"விறகுக்கு இத்துனூண்டு கத்தியா?"

"சுள்ளிதான் வேணும்."

அவள் விடவில்லை, பின்னாலேயே வந்தாள். நானும் அவளை மலையைச் சுற்றி ஆட்டுப்பட்டி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், நிஜமாகவே சுள்ளி பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் இடத்துக்கு மறுநாள்தான் போக முடிந்தது. அத்தை கேட்டார்: "அந்த எடத்தை என் புள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கியா?" இல்லை என்றேன். "நல்லது. அவன் டீக்கடையில ஒளறிருவான்" என்றார்.

இனிமேல் கடிதத்தைத் தொழிலாளர் விடுதிக்கு அனுப்பாமல் உங்கள் சிநேகிதர் செலாமி தம்பி வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே அனுப்புகிறேன். காரணம் எழுதவில்லையே? குலிசார் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். யஷார் உங்கள் புகைப்படத்தைக் காட்டி "ஜெர்மனி" என்கிறான். அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

துஆவுடன்,
நஸ்மியே


நியூரம்பெர்க், 22 மார்ச் 1975

நஸ்மியே,

உனக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். அம்மாவின் கைகளை முத்தமிட்டு என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை.

விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள். சாமான்கள் வராந்தாவில் கிடக்கின்றன, கடிதம் காணாமல் போய்விடும். அதனால்தான் செலாமி முகவரி. வேலை எப்போதும்போலத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குச் சொந்தம். அன்றைக்குச் செலாமி வீட்டில் ஒரு பருக்கை புல்கூர் கோதுமைச் சோறு கிடைத்துவிடும். அவன் மனைவி பாகிஸே நம் ஊர்ப் பக்கம்போலவே சமைக்கிறாள்.

ஹாஜெரை நீ நடக்கவிட்டதைச் செலாமிக்குப் படித்துக் காட்டினேன். "கட்டின புருஷனுக்கே சொல்லாத எடத்தை ஹாஜெருக்குச் சொல்லுவாங்களா அண்ணி?" என்று சிரித்தான். எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இத்தனை வருடம் உன் கூடை நிறைந்து வருவதைத்தான் பார்த்தேன், அது நிறைகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் என்ன அந்நியனா?

இந்தக் கோடையில் விடுமுறை கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. பிள்ளைகளிடம் உறுதியாக எதையும் சொல்லி வைக்காதே.

வேய்சல்


சாம்கோய், 2 ஏப்ரல் 1975

குலிசார் அப்பாவுக்கு,

ஸலாமும் துஆவும். கடிதம் வந்தது, அத்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். நாங்கள் சுகம்.

யஷார் இந்த வாரம் தன் முதல் காளானைக் கண்டுபிடித்தான். என் இடத்தில் இல்லை, ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் போகிற காட்டில். நான் நின்றுகொண்டு தேடுகிறேன், அவனோ தரையோடு தரையாக இருக்கிறான். சருகுக்கு நடுவில் தேன்கூடு மாதிரிக் குழிகுழியாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, "அம்மா, இது என்னைப் பாக்குது!" என்று கத்தினான். பிஸ்மில்லா சொல்லி அவன் கையில் கத்தியைக் கொடுத்து, என் கையால் அவன் கையைப் பிடித்து, அடித்தண்டை மண்ணிலேயே விட்டு அறுத்தோம். மேலே சருகை இழுத்து மூடிவிடச் சொன்னேன். மூடிவிட்டு, "தூங்கு" என்று அதற்குச் சொன்னான்.

கண்டெடுப்பதையெல்லாம் எடை போட்டுக் குறித்துவைத்து, நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் பங்குக்கு ஒரு சரம் தனியாக இருக்கிறது.

ஊர்ச் செய்தி: ஹாலிமின் மகன் ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். டீக்கடையில் படாதபாடு படுத்துகிறார்கள். "வாப்பா துரை, கார் எங்க? பஸ்ஸுக்குப் பின்னாடி வருதா?" என்கிறார்கள். பாவம், பெட்டியோடு போனவன் பெட்டியோடு வந்தான். உங்களுக்கு அந்த நிலைமை வராமல் அல்லாஹ் காப்பாற்றுகிறான் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நன்றி சொல்கிறேன்.

கோடை விடுமுறையைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அவர்களேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நஸ்மியே


நியூரம்பெர்க், 10 ஏப்ரல் 1975

நஸ்மியே,

எல்லோருக்கும் ஸலாம். சுகமாக இருக்கிறேன். இன்று உனக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று புதன்கிழமை காலை டிராமில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். அதற்கு அப்பால் காடு. காடென்றால் நம் காடு! மணல் தரை, நெட்டையாகப் பைன் மரங்கள், அதே பிசின் வாசனை. கண்ணை மூடினால் ஆட்டு மணிச்சத்தம்தான் பாக்கி. வெயில் ஏறுகிறவரை நடந்துகொண்டே இருந்தேன். ஒரு மரத்தடியில் என்ன பார்த்தேன் தெரியுமா? குட்டிவயிற்றுக் காளான்! ஒன்றல்ல, ஒரு கூட்டம். நம் ஊரில் இருப்பதைவிடப் பெரியவை, நிறமும் கொஞ்சம் சிவப்பு, அக்ரூட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கின்றன. ஜெர்மனியில் எல்லாமே பெரிதுதானே.

கோட்டைக் கழற்றி அதில் கட்டினேன். நாயோடு ஒரு கிழவர் வந்தார். என் மூட்டையைப் பார்த்ததும் "நைன், நைன்!" என்று விரலை ஆட்டினார், வயிற்றைப் பிடித்துக் காட்டினார், என்னென்னவோ சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இவர் ஹாஜெரின் சொந்தக்காரர்தான், தன் இடத்தை அந்நியன் கண்டுபிடித்துவிட்டான் என்று வயிறு எரிகிறது! "ஐயா, இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று துருக்கி மொழியிலேயே சொல்லி, மார்பில் கைவைத்து ஸலாம் வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

உன்னைப் போலவே நூலில் கோத்துச் செலாமியின் சமையலறையில் தொங்கவிட்டிருக்கிறேன். மே ஆறாம் தேதி ஹிதிரெல்லெஸ் வசந்தப் பண்டிகைக்குப் பாகிஸே முட்டையோடு வதக்கப்போகிறாள். செலாமி குழந்தைகளும் சாப்பிடும். இப்போது எனக்கும் சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல மாட்டேன்!

வேய்சல்


தந்தி
சாம்கோய் – நியூரம்பெர்க், 21 ஏப்ரல் 1975

காளான் தின்ன வேண்டாம். நீளமாக வெட்டிப் பார்க்கவும். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். நஸ்மியே


சாம்கோய், 21 ஏப்ரல் 1975

குலிசார் அப்பாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். இன்று பகல்தான் உங்கள் கடிதம் வந்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அத்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தபால் ஆபீசுக்கு ஓடினேன். தந்தி குமாஸ்தா, "ஜெர்மனிக்குத் தந்தின்னா சாவுச் செய்திதான் போகும். காளானுக்கா அனுப்புவாங்க?" என்றார். "சாவு வரக்கூடாதுன்னுதான் அனுப்புறேன், எழுதுங்க" என்றேன்.

கோபப்படாமல் கேளுங்கள். குட்டிவயிற்றில் இருப்பது குழி. நீங்கள் எழுதியிருப்பது மடிப்பு. உச்சியிலிருந்து தண்டு வரை நீளமாக வெட்டிப் பாருங்கள். நம்முடையது காலி காலுறை மாதிரி உள்ளே ஒரே பொந்தாக இருக்கும். மற்றதில் அறை அறையாக இருக்கும். அதைப் பைத்தியக் காளான் என்போம். ஈரலைத் தின்றுவிடும். வேகவைக்கிற ஆவிகூட ஆகாது. காய்ந்துவிட்டது, ஒன்றும் செய்யாது என்றும் நினைக்காதீர்கள். அங்கே குட்டிவயிறு பைன் மரத்தடியில்தான் முளைக்குமா, வேறு மரத்தடியிலா என்று எனக்குத் தெரியாது. நம் மலையில் பைன் என்றால் அங்கேயும் பைன் என்று சொல்லிவிட முடியுமா?

தப்பு உங்களுடையதில்லை. கூடையிலும் நூலிலும்தான் அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முளைத்த இடத்தில் நான் காட்டியதே இல்லை. அந்தக் கிழவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

உடனே ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

நஸ்மியே


சாம்கோய், 21 ஏப்ரல் 1975

செலாமி தம்பிக்கு,

உங்களுக்கும் பாகிஸேவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். காளான் விஷயம் அவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அவர் சிரித்து ஒதுக்கிவிட்டால் நீங்கள் அந்தச் சரத்தை அறுத்துக் குப்பையில் போடுங்கள். அண்ணி சொன்னாள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அவருக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தனக்குச் சொந்தம் என்று மார்ச்சில் எழுதினார். காட்டுக்குப் போனது புதன்கிழமை என்று ஏப்ரலில் எழுதுகிறார். காலையில் போய் வெயில் ஏறுகிறவரை நடந்திருக்கிறார். விடுதிக்கு வெள்ளையடித்து இவ்வளவு நாளாயிற்று, கடிதம் இன்னும் உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. நான் அதிகம் படிக்காதவள்தான், ஆனால் நாள்கணக்கு எனக்குத் தெரியும். அவருக்கு வேலை இருக்கிறதா தம்பி?

உங்கள் அண்ணி
நஸ்மியே


நியூரம்பெர்க், 30 ஏப்ரல் 1975

மரியாதைக்குரிய நஸ்மியே அண்ணிக்கு,

ஸலாம். முதலில் மனம் குளிரட்டும்: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கை வேலையாக இருந்ததால் தாமதம், மன்னியுங்கள்.

தந்தியைப் பார்த்ததும் பாகிஸே பிரிக்காமலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பிரித்துப் படித்தால் காளான்! அழுத கண்ணோடு அவள் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு ஜெர்மன்காரி கதவைத் தட்டிவிட்டாள். வேய்சல் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து நீளமாக வெட்டினார். உள்ளே அறை அறையாக இருந்தது. பிறகு எல்லாச் சரத்தையும் கழற்றி, காகிதத்தில் சுற்றி, தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரைக்கும் தானே கொண்டுபோனார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பறித்த அன்று சாயங்காலமே ருசி பார்க்க இரண்டை வதக்கித் தின்றிருக்கிறார். அன்று இரவெல்லாம் வாந்தி. "ஸ்டேஷன் பன் ஒத்துக்கல" என்றார், நாங்களும் நம்பிவிட்டோம். இப்போது டாக்டரிடம் அழைத்துப்போய் ரத்தம் சோதித்தாயிற்று, குறை எதுவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நீங்கள் கேட்ட மற்றது. அண்ணி, வேலையைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்று அண்ணன் என்னை ரொட்டி மேல் கைவைத்துச் சத்தியம் பண்ண வைத்திருக்கிறார். சத்தியத்தை மீறினால் அந்த ரொட்டி என் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே வேலையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை, கவனியுங்கள்.

மற்ற செய்திகள் எழுதலாம். காலையில் நான் கிளம்பும்போது அண்ணன் எங்கள் சமையலறை பெஞ்சில் போர்வையை மடித்துக்கொண்டிருப்பார். நான் திரும்பும்போது உருளைக்கிழங்கு உரித்து, பாத்திரம் கழுவி, குழந்தைகளுக்கு ஷூ துடைத்து முடித்திருப்பார். "இப்படி ஒரு மாமியார் எனக்கு வாய்க்கலையே" என்கிறாள் பாகிஸே. ஹாலிமின் மகனை டீக்கடையில் கேலி பண்ணுவதாக நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காட்டுக்குப் போனது அதற்கு மறுநாள்தான்.

தம்பி
செலாமி


சாம்கோய், 9 மே 1975

குலிசார் அப்பாவுக்கு,

ஸலாம். செலாமி தம்பி எழுதினார், உங்கள் உடம்பு சரியாக இருப்பதாக. இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். நீங்கள் இன்னும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

ஹிதிரெல்லெஸ் நன்றாக நடந்தது. ஊற்றடியில் பெரிய அண்டாவில் புல்கூரும் நம் காளானும் சமைத்தோம். ஹாலிமின் மகன் வந்து விறகு பிளந்து கொடுத்தான். அவனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, அந்தக் கதை மாறிவிட்டது. வன இலாகா பைன் பிசின் எடுக்க ஆள் சேர்க்கிறது. முதலில் பேர் கொடுத்தவன் அவன்தான். அவனைக் கேலி செய்தவர்களெல்லாம் இப்போது, "எங்க பேரையும் சேத்து விடேன்" என்று அவன் பின்னால் போகிறார்கள். டீக்கடையில் இப்போதைய பேச்சு ஊர்த்தலைவரின் கழுதையைப் பற்றி. அது மசூதி ரோஜாவைத் தின்றுவிட்டது. பிசின் வேலைக்கு இன்னும் ஆள் வேண்டுமாம். ஜூன் பாதி வரைக்கும் சேர்க்கிறார்கள்.

கீழ்க்காட்டில் காளான் முடிந்துவிட்டது. மேல்காட்டில் பனி இப்போதுதான் இளகுகிறது. என் இடம் அங்கே ஒன்று இருக்கிறது. ஒற்றை ஆளாக ஏறி இறங்கி இந்த வருடம் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. தூக்க ஒரு ஆள் வேண்டும். ஹாஜெரைக் கூப்பிட முடியாது, குலிசாருக்குப் பள்ளிக்கூடம். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்களுக்குக் காட்டுகிறேன். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "டீக்கடையில ஒளறினான்னா நாக்கை அறுத்துருவேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்களுக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது வாருங்கள்.

நஸ்மியே


நியூரம்பெர்க், 19 மே 1975

நஸ்மியே,

எல்லோருக்கும் ஸலாம். அம்மாவின் கைகளுக்கு முத்தம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இதை அனுப்பிவிடுவேன்.

எனக்கு வேலை இல்லை. பிப்ரவரியிலேயே போய்விட்டது. வேலை போனதும் விடுதியிலும் இடமில்லை என்றார்கள். வெள்ளையடித்ததெல்லாம் பொய். செலாமி சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பியது என் சேமிப்பு. தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலை கேட்டு ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாகப் போய் நிற்பேன். ஒருநாள் எங்கும் போகப் பிடிக்காமல் டிராமில் கடைசி வரைக்கும் போனேன். அந்த நாள்தான் காளான் நாள்.

அதில் "புதன்கிழமை" என்று நானே எழுதியிருக்கிறேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பருப்பில் ஒரு கல் இருந்தாலும் கடைக்காரனைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிறவள் நீ. தந்தி அனுப்பினாய், கடிதம் எழுதினாய், புதனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு உன் மே மாதக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டுச் செலாமி, "போங்கண்ணே. இன்னும் என்ன, சிவப்புக் கம்பளம் விரிக்கணுமா?" என்றான். பாகிஸே மட்டும் பாத்திரம் கழுவ ஆள் போகிறதே என்று வருத்தப்படுகிறாள்.

காரும் இல்லை, ரேடியோவும் இல்லை. போன பெட்டியோடுதான் வருகிறேன். நான் வந்து இறங்குவதை ஊர் பார்க்கும். உன் முகத்தைப் பார்ப்பதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் முதல் வாரம் ரயில். உனக்குச் சம்மதம்தானா? எழுது.

வேய்சல்


சாம்கோய், 28 மே 1975

குலிசார் அப்பாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தியும் பாதுகாப்பும் உங்கள் வழிநெடுக உங்களோடு வரட்டும். நாங்கள் சுகம். அத்தைக்கும் முழங்கால் பரவாயில்லை. உங்கள் கடிதத்தில் ஸலாம் வரிகளை மட்டும் அவருக்குச் சத்தமாகப் படித்தேன். மற்றதை மனதுக்குள் படித்தேன். பிறகு அவர், "நீ படிக்காம விட்டதையும் படி, நான் அவனைப் பெத்தவ" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று அது ஒன்றைத்தான் கேட்டார்.

ஊரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த வேலையை நேற்றே முடித்துவிட்டேன். ஊற்றடியில் எல்லாப் பெண்களும் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குடத்தோடு போனேன்.

"எங்க வீட்டுக்காரர் வர்றாரு" என்றேன்.

"லீவுக்கா?" ஹாஜெர்தான் கேட்டாள், வேறு யார்.

"இல்லக்கா, ஒரேயடியா."

"ஐயோ, ஏன்டி? அங்க வேலை இல்லையா?"

"அங்க இல்ல. இங்க இருக்கு."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அப்ப மூட்டை தூக்க ஆளாச்சு ஒனக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் வருகிறபோது இது பழைய செய்தியாகியிருக்கும்.

வன இலாகாவில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துக்கு ஆள் நேரில் வர வேண்டுமாம், ஜூன் பதினைந்துக்குள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேல்காட்டிலும் இந்த வாரத்தோடு காளான் முடிந்துவிட்டது. இந்த வருடம் உங்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, வெறும் சருகுதான். ஆனாலும் போவோம். சருகையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலா நகரிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தால் சாமம் ஆகிவிடும். வாசலில் தாழ் போட மாட்டேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எழுப்பிவிடுங்கள். யஷாருக்கு உங்களை அடையாளம் தெரியாது, முதலில் அழுவான். அழட்டும், கீழே இறக்கிவிடாமல் வைத்திருங்கள்.

நஸ்மியே